எண்பத்து நாலின் மூடி

எங்கள் ஆலங்கிணறு ஊர் வரலாற்று மையத்தில் ஆண்டுகளை இரவல் கொடுக்கிறோம். ஆளுக்கு ஓர் ஆண்டு, பதினான்கு நாள் கெடு. ஊரின் ஆண்டுகள் எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன. கட்டடம் முன்பு மண்ணெண்ணெய் டிப்போவாக இருந்தது, அதனால் ஐம்பதுகளைத் திறந்தால் கொஞ்சம் வாடை அடிக்கும். மற்றபடி எல்லாம் நல்ல நிலையில்தான் உள்ளன.

ஓர் ஆண்டு இரவல் போயிருக்கும்போது அந்த ஆண்டில் நடந்தது எதுவும் ஊரில் செல்லாது. பெரும்பாலும் யாருக்கும் கஷ்டமில்லை. போன ஆடியில் ஒருவர் அறுபத்தேழை எடுத்துப் போனார். அந்த வருஷம் கட்டிய கீழத்தெருப் பாலம் இல்லாமல் பதினான்கு நாளும் சுற்றிப் போனோம், அவ்வளவுதான்.

செயலாளர் யாகப்பனும் நானும் சம்பளம் இல்லாமல் இதைப் பார்த்துக்கொள்கிறோம். அவர் தபால் ஆபீஸில் இருந்தவர், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். வியாழக்கிழமைதோறும் டப்பாக்களை மொட்டைமாடியில் வைத்து, மூடியைத் திறந்து வெயில் காட்டுவேன். இல்லாவிட்டால் ஆண்டுகள் நமுத்துப்போகும். டப்பா மையத்தை விட்டுப் போகாதவரை, திறந்தாலும் ஊரில் எதுவும் மாறாது. ஆண்டின் எண் மூடியில் மட்டும்தான் எழுதியிருக்கும். டப்பாவிலும் எழுதிவிடலாமே என்று செயலாளர் ஒருமுறை கேட்டார். எதற்கு, நான் ஒருத்தி இருக்கிறேனே என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை திடீரென்று தூறல் போட்டது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து கைக்கு வந்த மூடியை மாட்டினேன். மறுநாள் தேவசகாயம் வந்து எண்பத்தைந்தைக் கேட்டார். அவர் ஊர் கைப்பந்து அணியில் ஆடியவர். அந்த வருஷம் கோப்பை வாங்கியதை இன்னொரு தடவை பார்க்க ஆசை. எடுத்துக் கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் என் கழுத்து லேசானது. தடவிப் பார்த்தேன். செயின் இருந்தது, தாலி இல்லை. எனக்குக் கல்யாணம் நடந்தது எண்பத்து நாலு தை மாதம்.

கூப்பிட்டுத் திருப்பி வாங்கியிருக்கலாம். ஆனால் கெடு முடியும் முன் கேட்கக் கூடாது என்பது விதி. மையத்தில் வேலை செய்பவர்கள் இரவல் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் முன்மொழிந்தது நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் ஈசிசேரிலிருந்து மரியாதையாக எழுந்து நின்று, "யாரைப் பார்க்கணும்?" என்றார். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி எனக்குத் தட்டு வைத்திருந்தாள், நாற்பது வருஷமாக வைத்துச் சலித்தவள் மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் வேறு யாருக்கும் தொந்தரவில்லை. எனக்குத்தான் அந்த மனுஷன் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

அவர் தினமும் பதினோரு மணிக்கு மையத்துக்கு எனக்குப் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். மறுநாளும் கொண்டுவந்தார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கோடு திரும்பிப் போனார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நானே எழுதினேன். கல்யாணம் ஆகாதவள் தாராளமாக எழுதலாம். திருமலைக்கொழுந்து. எழுதிவிட்டு அழுதேன்.

பதினான்காம் நாள் தேவசகாயம் டப்பா இல்லாமல் வந்தார். கோப்பை அதில் இல்லையாம். மூடியைத் திறந்ததும் அவருடைய அம்மா மரியபுஷ்பம் வெளியே வந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டாராம். அந்த அம்மா எண்பத்து நாலு டிசம்பரில் தவறியவர்.

"அம்மா இட்லி அவிக்கிறாங்க அக்கா. இன்னும் பதினாலு நாள் நீட்டிச்சுத் தாங்க" என்றார்.

வேறு யாரும் கேட்டிருக்காவிட்டால் நீட்டிப்பு கொடுக்க வேண்டும். முத்திரை குத்தினேன். அடுத்த தடவையும் குத்தினேன். மூன்றாவது தடவை முத்திரையைக் கையில் எடுத்தபோது என்னால் முடியவில்லை. மூடி மாறிய கதையைச் சொன்னேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். முத்திரை வாங்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலை மரியபுஷ்பமே டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது, மகனுக்கு அறுபத்தொன்று. மகன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மாவும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"அடுத்தவ தாலியை அலமாரியில வெச்சுக்கிட்டு எனக்கு மாவு பொங்க மாட்டேங்குது அக்கா. மூடிருங்க."

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தாலி வேண்டும், வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவின் புறங்கையில் மாவு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கை எழவில்லை. செயலாளர் விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். வியாழக்கிழமைதோறும் வெயில் காட்ட வேண்டும் என்று இருந்தது. எந்த மாடியில் என்று இல்லை. தேவசகாயம் வீட்டு மாடியில் நல்ல வெயில் வருமா என்று கேட்டார். வரும் என்றார் அவர்.

மரியபுஷ்பம் மகனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு டப்பாவுக்குள் போனார். மூடினேன். தாலி கழுத்தில் வந்து விழுந்தது. டப்பாவின் வயிற்றில் எண்பத்து நாலு என்று பெயிண்டால் பெரிதாக எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஏன் இவ்வளவு நேரம் என்று எங்கள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

இப்போது வியாழக்கிழமைகளில், டப்பா தேவசகாயம் வீட்டு மாடியில் இருக்கும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை, எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. பதினோரு மணிக்கு அவர் பிளாஸ்கோடு வருவார். வெள்ளிக்கிழமை எதுவும் நினைவிருக்காது, அடுத்த வியாழன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். முதல் வாரம் வரைபடத்தைப் பார்த்தார். இரண்டாம் வாரம் அதை வரைந்தது யார் என்று கேட்டார். மூன்றாம் வாரம் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். போன வாரம், உங்கள் வீட்டில் யாரிடம் வந்து பேச வேண்டும் என்று கேட்டார். அண்ணன் விலாசம் கொடுத்தேன்.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார். கேசரிக்கு ரவையும் முந்திரியும் வாங்கிவர அவரைத்தான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.