புகார் கூடிய காவல் நிலையம்

அக்கா தங்கை இருவரில் இளையவள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நகராட்சி கேட்ட அறிக்கை அவள் கைக்குச் சுளுவான வேலையாகத்தான் வந்தது. யாரையும் தேடிப்போய்ப் பேட்டி காண வேண்டியதில்லை. பெண்கள் வீட்டில் அடிபட்டதாகக் காவல் நிலையங்களில் பதிவான புகார்கள் பல ஆண்டுகளுக்குக் கணினியில் இருந்தன. யாரோ எதற்கோ திரட்டியவை. கிழக்கு நிலையத்தில் புகார்கள் மும்மடங்காகியிருந்தன. மேற்கில் அநேகமாக ஒன்றுமில்லை. கிழக்கு மோசம், மேற்கு அமைதி என்று எழுதினாள். பேராசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிழக்கு நிலையத்தில் ஒரு பெண் அதிகாரியை அமர்த்தி, நகராட்சிச் செலவில் பெண்களுக்கென்று தனி அறை திறந்திருந்தார்கள். அறை வந்தும் குற்றம் கூடித்தானே இருக்கிறது, இழுத்து மூடிவிடலாம் என்று நகராட்சியில் பேச்சு எழுந்தது. மறுநாள் அதற்கான கூட்டம்.

அன்று மத்தியானம் மருத்துவமனையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கையில் மாவுக்கட்டு.

"வழுக்கி விழுந்துட்டேன்டி. நீ டாக்டர் ஆகப்போறேன்னு பேரு, ஒரு கட்டுப் போடத் தெரியாது உனக்கு" என்றாள் அக்கா.

இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கழுத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

"அத்தானா?"

"மெதுவாப் பேசு. மருந்து வாங்கப் போயிருக்காரு."

"ஸ்டேஷனுக்குப் போகலையா நீ?"

"ஒரு தடவ போனேன். என் எதிர்லயே அவருக்குப் போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போங்க சார்னாங்க. ஒரு வரிகூட எழுதல. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

அக்காவின் வீடு மேற்கில்தான் இருந்தது. அமைதி என்று இளையவள் எழுதிய அதே மேற்கு.

"அக்கா, நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கு..."

"என்னை அதுல இழுக்காத. உன் கால்ல வேணா விழறேன்."

அத்தான் மருந்துப் பையோடு உள்ளே வந்தார். "என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

இளையவள் நேராகப் பேராசிரியரிடம் போனாள். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று மட்டும் சொன்னாள்.

"ஒருத்தங்களை வச்சு ஊரையே எடை போடுவியாம்மா?" என்று அவர் கேட்டார். அதில் அவர் சொன்னது சரிதான்.

அதே பழைய எண்களை மறுபடி திறந்தாள். கிழக்கில் புகார்கள் ஏறத் தொடங்கியது அந்தப் பெண் அதிகாரி வந்த மாதத்திலிருந்துதான். அரசு மருத்துவமனையின் ஆண்டறிக்கைகளை எடுத்து ஒப்பிட்டாள். காயத்தோடு வந்த பெண்களின் எண்ணிக்கை கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எப்படி அடிபட்டது என்ற பட்டியலில் பெரும்பாலோரை 'விழுந்தவர்கள்' என்றே போட்டிருந்தது. அதை நம்ப முடியாது. எலும்பு முறிந்ததை நம்பலாம். அத்தனை பெண்களையும் நேரில் கேட்டிருந்தாலும் பாதிப் பேர் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் கூட்டத்தில் நகராட்சி ஆணையர் எரிந்து விழுந்தார். "போன வாரம் ஒண்ணு எழுதறீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எது உண்மை?"

பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண் அதேதான் சார். நான் படிச்ச விதம் தப்பு. எத்தனை பேர் அடி வாங்கினாங்கன்னு அது சொல்லாது. எத்தனை பேரு துணிஞ்சு வந்தாங்க, அதுல எத்தனை பேரோடத எழுதிக்கிட்டாங்க, அதைத்தான் சொல்லும்."

"அப்ப மேற்குல நிலைமை என்ன?"

"தெரியாது சார். அதான் பயமா இருக்கு."

அறையை மூடும் முடிவைத் தள்ளிவைப்பதாக ஆணையர் சொன்னார். பேராசிரியர் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். கிழக்கில் இருக்கும் அறையைப் பற்றிச் சொன்னாள். அக்கா கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாமா?" என்றாள்.

பேருந்தில் போகும்போது அக்கா இரண்டு முறை இறங்கப் பார்த்தாள்.

"எங்க வீடு இந்தப் பக்கம் இல்லைங்க" என்றாள் அதிகாரியிடம், மன்னிப்புக் கேட்பது போல.

"அதனாலென்ன, உக்காருங்கம்மா." அதிகாரி தங்கையின் பக்கம் திரும்பினார். "நீங்க வெளிய இருங்க."

"நான் தங்கச்சி மேடம்."

"இருக்கட்டும். அவங்க பேசட்டும்."

கதவு சாத்தப்பட்டது. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை.