பாட்டில் நின்ற இடம்

காளியாயி காலால் தள்ளியதில் வடிவின் வாளி தண்ணீர்ப் பீலிக்கு அடியிலிருந்து உருண்டு போனது.

"வரிச தெரியாதா ஒனக்கு?"

"அம்மாயியக் குளிப்பாட்டணும், பெரியம்மா. விடியக்காலம் உசுரு போயிருச்சு."

தண்ணீர் கல்லில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. காளியாயி தன் வாளியை எடுத்து பீலிக்கு நேராக வைத்தாள்.

"எல்லாருக்குந்தான் தண்ணி வேணும்."

வடிவு கடைசியில் போய் நின்றாள். மூன்று வருடமாக அவள் வீட்டுக்கு அந்த இடம்தான்.

ஐம்பத்தொன்பதில் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள், அவள் தாத்தா வீரய்யா வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குத் தனியாளாகப் போய் நின்றார். அவர் பெண்டாட்டி, வடிவின் அம்மாயி அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்குத்தான் மருந்து என்று தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் போனார்கள். வேலைநிறுத்தம் உடைந்தது. நான்கு பேருடைய பேர் வேலையிலிருந்து வெட்டப்பட்டது. அதில் காளியாயியின் புருசனும் ஒருவன். இப்போது அவன் வலப்பனைப் பக்கம் கூலிக்குப் போய், மாதம் ஒருமுறை வந்து போகிறான். அன்றிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் வீரய்யா வீட்டோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்குக் கருங்காலி என்றே பேர்.

அதற்கு முன்னால் அவருக்கு வேறு பேர் இருந்தது. மாசி மாதக் காமன் கூத்தில் முப்பது வருடம் ரதி வேடம் கட்டியவர் அவர். அம்மாக்கண்ணு தன் கூறைச் சேலையைக் கொசுவம் வைத்து அவருக்குக் கட்டிவிடுவாள். எரிந்துபோன மன்மதனுக்காக அவர் ஒப்பாரி வைக்கும்போது கூட்டத்தில் முதலில் அழுகிறவளும் அவள்தான். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் சாயங்காலங்களில் படுத்திருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் பாடினார். பாடப் பாட அவள் இழுப்பு மெல்ல அடங்கும். அடங்காத நாட்களில் அதே பாட்டை நாலு தரம் பாடுவார்.

குளிப்பாட்டி முடித்த நேரத்தில் தோட்டத்துச் சங்கத் தலைவர் பழனியாண்டி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"குழி வெட்ட, தூக்க ஆம்பளைங்க வருவாங்க. பொணம் கெடக்கக் கூடாது. பொம்பளைங்க வரமாட்டாங்க. தோட்டத்து முடிவு."

வீரய்யா கும்பிட்டார். "கருங்காலித்தனம் நான் செஞ்சதுப்பா. அவளுக்கு ஒரு ஒப்பாரி வேணாமா?"

பழனியாண்டி தரையைப் பார்த்தபடி திரும்பிப் போனார்.

"சரி, ஆத்தா பாத்துக்குவா" என்று வீரய்யா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒப்பாரி இல்லாமல் போவது அநாதைப் பிணம் என்பார்கள். வடிவு அம்மாயியின் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. ஒப்பாரி வைக்கத் தோளைக் கட்டிக்கொள்ள இன்னொருத்தி வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானதால் லயத்துப் பெண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். எதிர் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

வீரய்யா பெட்டியைத் திறந்து கூறைச் சேலையை எடுத்து வந்து அம்மாக்கண்ணுவின் மேல் போர்த்தினார். தலைமாட்டில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஒப்பாரி ஒன்றுதான். அது பெண்டாட்டி புருசனுக்குப் பாடுவது.

"பூமெத்தை போட்டு வச்சேன், என் ராசாவே
பொழுதடஞ்சும் காணலையே…"

எதிரே ஒருத்தி சிரித்தாள்.

"பொண்டாட்டியப் போயி ராசாங்குறாரு."

"காமன் பொட்டல்னு நெனப்பு கெழவருக்கு."

அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மூன்றாவது அடியில் குரல் நின்றது. முதலிலிருந்து எடுத்தார். அதே இடத்தில் மறுபடி நின்றது. எப்போதும் அந்த இடத்தில் எடுத்துக் கொடுக்கிறவள் சேலைக்கு அடியில் கிடந்தாள். வடிவுக்கு அந்த அடி தெரியும். வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது. மூன்றாம் தரமும் அவர் அங்கே வந்து நின்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. காளியாயி உள்ளே வந்தாள். வீரய்யாவைப் பார்க்கவில்லை. வடிவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, அவள் தோளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நெத்திப் பொட்டு வேர்க்குதுன்னு, என் ராசாவே
நெழலு தேடிப் போனீகளோ…"

வீரய்யா அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டார். வடிவுக்கும் குரல் வந்தது. வேறு யாரும் உள்ளே வரவில்லை. பாடை தூக்கும்வரை மூன்று பேருமாகப் பாடினார்கள்.

தூக்கிக்கொண்டு போனதும் காளியாயி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒங்க தாத்தாவுக்காக வரல. எஞ் சோத்துல மண்ணப் போட்டவரு அவரு. அத நான் மறக்க மாட்டேன்."

"சரி, பெரியம்மா."

"அந்த எடத்துலயே வந்து வந்து நிக்கிறாரு. கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

சாயங்காலம் வீரய்யா குளிக்கத் தண்ணீர் எடுக்க வடிவு பீலிக்குப் போனாள். வாளிகள் வரிசையாக இருந்தன. அவள் வழக்கம்போல் தன் வாளியைக் கடைசியில் வைத்தாள்.

வரிசைக்கு முன்னால் நின்ற காளியாயி திரும்பிப் பார்க்கவில்லை. தன் வாளியை மட்டும் காலால் பின்னுக்குத் தள்ளினாள். பீலிக்கு அருகே ஒரு வாளி வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது.