நாற்பத்தெட்டு வோல்ட்

அண்ணனுக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். வீட்டு டிவி சுவரையே மறைக்கும். வெல்டிங் பட்டறையில் கிடக்கும் சுத்தியலை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். அதனால் இருவரும் சேர்ந்து கட்டும் மரம் குடையும் மெஷினுக்கு அவன் நாற்பத்தெட்டு வோல்ட் பவர் சப்ளையோடு வந்து நின்றபோது தம்பிக்கு ஆச்சரியம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"முப்பத்தாறுதானே வாங்கச் சொன்னேன்?"

"மோட்டாரை ஓட்டுற ட்ரைவர் பெட்டியில ஐம்பது வரைக்கும்னு போட்டிருக்குல்ல? ஐம்பது தாங்குறதுக்கு எதுக்குடா முப்பத்தாறு? வோல்ட் ஏறினா வேகம் ஏறும்னு நீதானே சொன்னே?"

சொன்னான்தான். நாலு வார்த்தை சொன்னால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் ஆளிடம் சொன்னது அவன் தப்பு. ஓடுகிற பாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் மோட்டாரே டைனமோ மாதிரி கரண்டைத் திருப்பித் தள்ளும். நாற்பத்தெட்டோடு அதுவும் சேர்ந்தால் ஐம்பதைத் தாண்டும், ட்ரைவர் புகையும். பாரத்துக்கோ குறைவில்லை. மரத்தைக் குடையும் ரவுட்டரைச் சுமந்து ஓடும் குறுக்குச் சட்டத்தை அண்ணன் பாலம் கட்டுவதுபோல் கெட்டி இரும்பில் அடித்து வைத்திருந்தான்.

சத்தம் கேட்டு அண்ணி எட்டிப் பார்த்தாள். "அவர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. நடுவுல வைங்களேன்."

மின்சாரத்துக்கும் பஞ்சாயத்து. ஆனால் சப்ளையின் ஓரத்தில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. தம்பி அதைக் கடைசிவரை இறக்கினான். நாற்பத்து மூன்று. மெஷின் தகராறில்லாமல் பலகையில் பூ குடைந்தது.

"கிழவன் நடக்கிற மாதிரி போகுது," என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபர்னிச்சர் கடைக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் கதவு, கட்டில் வேலையெல்லாம் இங்கே வரும். தம்பி அட்டைப்பெட்டிக் கம்பெனியின் நைட் ஷிஃப்டுக்கு முழுக்குப் போடலாம். படிப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அங்கே அவன் பசை நாற்றத்தில் ஊறிக்கொண்டிருக்கிறான்.

ஞாயிறு காலை மெஷினை உயிர்ப்பித்ததும், பழக்க தோஷத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தான். நாற்பத்தொன்பதரை. யார் திருகியது என்று கேட்கத் தேவையில்லை. அண்ணன் சலவைச் சட்டையில் வாசலில் நின்று, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்க்ரூவை மறுபடி இறக்க ஒரு நிமிஷம் போதும். தம்பி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். பிறகு, வெடிக்கட்டும் என்று தோன்றியது. பெரிய மனுஷன் முன்னால் வெடிக்கட்டும். அண்ணன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு மீட்டரின் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் போட்டான்.

கடைக்காரர் வந்தார். வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டு நடப்பவர்.

"வேகத்தை மட்டும் பாருங்க சார்!" என்றான் அண்ணன்.

குறுக்குச் சட்டம் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஓரத்தில் திரும்ப வேண்டி சடக்கென்று நின்றது. ட்ரைவர் பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. ரவுட்டர் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் பலகையைக் கரியாக்கியது.

கடைக்காரர் மூக்கைப் பொத்தினார். "யாருய்யா செஞ்சது இதை?"

தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அது கொஞ்சமும் மாறவில்லை.

"கரண்ட் வேலை பூரா தம்பி சார். இரும்பு வேலை மட்டும்தான் நம்மது. இரும்புக்கு ஏதாவது ஆச்சா, பாருங்க."

அவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், வெல்டிங்கை விரலால் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. குடோனுக்கு இதே கனத்துல ரேக் அடிக்கணும். செய்வீங்களா?"

"பேஷா செஞ்சுடலாம் சார்!"

"முப்பத்தாறு வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தான் தம்பி. கடைக்காரர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை ஆஃப் பண்ணிட்டுக் கார்ல ஏறுடா," என்றான் அண்ணன். "குடோனை அளக்கணும், டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும்."

தம்பி ஆஃப் செய்துவிட்டுக் காரில் ஏறினான்.