நாலு இலை மேசை

“எங்க வீட்டுல ஆம்பளைங்க சாப்ட்டு எந்திரிச்சப்புறந்தான் பொம்பளைங்க. உனக்குச் சங்கடமா இருக்குமோ?”

“இருக்கும். எங்க ஆத்தூர் வீட்டுல வட்டமா உக்காந்து மீன் தலைக்குச் சண்டை போடுவோம்.”

“அப்ப ஒரு மேசை வாங்கிருவோம். மேசை வந்துட்டா எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான ஆகணும்.”

மாதா கோயிலில் மூன்றாவது முறையாக அவர்களுடைய கல்யாண ஓலையை வாசித்த ஞாயிறன்று பிரிட்டோ நான்சியிடம் சொன்னது அது. அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் திண்டுக்கல்லுக்கு வாழ வந்தாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. மாமனார் ஞானதாசும் பிரிட்டோவும் சாப்பிட்டு எழுந்த பிறகு அத்தை ரோஸ்மேரி. அத்தை கை கழுவிய பிறகு, அடுப்படியில் ஆறிப்போன குழம்போடு நான்சி. தங்கமான மனிதர்கள்தான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. மேசை என்ன ஆயிற்று என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். பிரிட்டோ சிரித்து மழுப்பிவிடுவான்.

2009 வைகாசியில் ஒருநாள் அவனே அவளை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினான். பளபளக்கும் மேசை, சுற்றிலும் நாலு நாற்காலி, நடுவில் பூச்சாடி. நால்வர் கொண்ட குடும்பம் மகிழ்ந்து உண்ண ஏற்ற அசல் மரமேசை என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. நான்சி பெயரிலேயே ஆர்டர் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும், குறித்து வந்த நீள அகலத்துக்குக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். நாலு இலை விழுமா என்பதுதான் மாமனார் கேட்ட ஒரே கேள்வி. அத்தை நிஜமாகவே நாலு வாழையிலைகளை விரித்துப் பார்த்தாள். விழுந்தது. உயரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தோன்றவில்லை.

பார்சல் வரும் நாளில் நான்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியும்போதே அணை மீன் வாங்கிவரச் செய்து குழம்பு கொதிக்கவிட்டாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டியோடு ஓடிவந்தாள்.

பெட்டி வந்தது. பிரிட்டோ கால்களை முடுக்கி மேசையை நிமிர்த்தினான். அது அவன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. மிச்சக் கால்களைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்து உதறினான். நாற்காலியும் இல்லை.

“ஏலே, கோழி கவுக்குற கூடைகூட இதவிட ஒசரமா இருக்கும்டா,” என்றாள் அத்தை.

நான்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிட்டோ கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டான். உயரம் கடைசி வரியில் இருக்கிறதாம். நாற்காலிகள் அழகுக்காகப் படத்தில் வைத்தவையாம். திருப்பி எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஆர்டர் கொடுத்த மேடம் பேச வேண்டும் என்றார்களாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிய நான்சி, கூடத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். பழக்கதோஷத்தில் மாமனார் மேசைமுன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை பொருத்தமாகப் பலகையில் படிந்திருந்தது. எதிரே அத்தையும் உட்கார்ந்து பலகையைத் தட்டிப் பார்த்தாள். மீதி இரண்டு பக்கமும் காலியாக இருந்தன. நான்சிக்குள் ஏதோ துள்ளியது.

“பொருள்ல திருப்தி இல்லையா மேடம்? உங்களுக்கு என்னதான் வேணும்?” என்றாள் போனில் கம்பெனிப் பெண்.

இந்த வீட்டில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

“ஒசரத்த முதல் வரியில எழுதுங்க. நாற்காலியப் படத்துலருந்து எடுத்துருங்க. அடுத்தவங்களாவது ஏமாறாம இருக்கட்டும்,” என்றாள் நான்சி. “மேசை இங்கயே இருக்கட்டும்.”

பிரிட்டோ திகைத்துப் பார்த்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். மீன் சட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள். நாலு இலைகளையும் விரித்தாள்.

“மாமா, அத்தை, என்னங்க... எனக்கும் பசிக்குது. இனிமே தினமும் எனக்கும் சேத்து எல போட்டு, என்கூட உக்காந்து சாப்பிடுங்க.”