கிட்ட வரும் வரை

விடியுமுன் வில்லோடு காட்டுக்குப் போய் மரமேறி உட்கார்ந்த வெண்டல், இன்றும் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினான்.

"மான் வரலையா?" என்றாள் மனைவி லொரெய்ன், பாத்திரம் கழுவியபடியே.

"வந்துச்சு. ஓக் கொட்டையைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சு. அம்பு விட மனசு வரல."

"துப்பாக்கி எடுத்துட்டுப் போயிருந்தா ஃப்ரீசராவது நிறைஞ்சிருக்கும்."

"துப்பாக்கின்னா தூரத்துலயே முடிஞ்சிடும். வில்லுக்கு அது கிட்ட வரணும். மூச்சை அடக்கிக்கிட்டுக் காத்திருக்கணும். அந்தச் சுகத்துக்குத்தானே போறேன்."

"எனக்காக ஒருநாளாவது அப்படிக் காத்திருந்தியா? நான் மானாப் பொறந்திருக்கலாம்."

வெண்டல் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது. திரும்பினால் விலகிவிடுவானோ என்று லொரெய்ன் ஈரக் கையோடு அசையாமல் நின்றாள்.