படித்ததாகக் கொள்ளப்படும்

பல் டாக்டருக்கு நாடாளுமன்றத்தில் பேசக் கிடைத்த நேரம் நாலு நிமிஷம். ஊரில் வருஷக்கணக்காக எல்லாரையும் "வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க" என்று அதட்டி வந்தவளுக்கு, தன் வாயைத் திறக்க அளந்து கொடுத்தது அவ்வளவுதான். அதிலும் பாதி நன்றி சொல்லியே போய்விடும். சபைத் தலைவருக்கு நன்றி, கட்சித் தலைமைக்கு நன்றி, வாய்ப்புக்கு நன்றி. நன்றி கெட்டவள் என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசை?

அன்றைக்கு அவள் எழுந்தது ஒன்பது பேருக்காக. அவள் தொகுதியில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இடிந்து விழுந்து, ஒன்பது பேர் அடியில் மாட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் தோண்டினார்கள். பிறகு தண்ணீர் புகுந்துவிட்டது, இனித் தோண்டினால் ஆபத்து என்று சொல்லிச் சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் செத்தவர்களும் இல்லை, இருப்பவர்களும் இல்லை, 'காணாமல் போனவர்கள்'. எங்கே கிடக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் காணாமல் போனவர்கள்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்த மகராசன் கையில் கிடைத்தால் மரத்துப்போக ஊசி போடாமலே அவன் பல்லைப் பிடுங்குவேன் என்று பல் டாக்டர் தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவனின் பெண்டாட்டி அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. இதற்கென்றே புதுசாக ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நஷ்டஈடு அது இதுன்னு நீங்க என்ன வேணாலும் பேசுங்க டாக்டரம்மா. அவர் பேரை மட்டும் ஒரு தடவை அங்க சத்தமாச் சொல்லிடுங்க. அவர் உள்ளதான் இருக்காருன்னு பெரியவங்க காதுல விழணும்."

"என் வாயால சொல்றேன்," என்றாள் பல் டாக்டர்.

சொல்லத்தான் நினைத்தாள். நன்றி முடிந்து, நாட்டின் நிலக்கரி உற்பத்தி முடிந்து, தொகுதியின் பெயர் வரும்போதே மணி அடித்துவிட்டது. சபைத் தலைவர் நல்ல மனுஷர், யாரையும் சிரித்த முகத்தோடுதான் உட்காரவைப்பார். "மாண்புமிகு உறுப்பினர் மீதி உரையை மேசையில் கொடுத்துவிடலாம். படித்ததாகக் கொள்ளப்படும்," என்றார். அது சபையில் ஒரு வழக்கம். எழுதி வந்த தாளைக் கொடுத்துவிட்டால் போதும், பேசியதாகவே அச்சில் வந்துவிடும். அப்படி வாயே திறக்காமல் ஐந்து வருஷம் முழங்கித் தள்ளியவர்கள் உண்டு. பெயர்கள் கடைசித் தாளில் இருந்தன. பல் டாக்டர் தாள்களைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் தையல்காரி காத்திருந்தாள்.

"எங்க அவர் பேரு வந்துச்சா? எனக்குக் கேக்கலையே."

"பதிவாயிடுச்சும்மா. சொன்னதாத்தான் கணக்கு. அச்சுல வந்துடும்."

"அப்ப நீங்க சொல்லலையா?"

"சொன்ன மாதிரிதான்."

தையல்காரி கொஞ்ச நேரம் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமெல்லாம் இல்லை. ஊசி எந்த இடத்தில் நூலை விட்டது என்று தேடுகிறவள் போல இருந்தது அந்தப் பார்வை. "எனக்குக் கேக்கலையே," என்று மறுபடி சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். ஊருக்குப் போனவள் அந்த வாரத்திலேயே தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்தாள், எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்குப் போன பல் டாக்டரால் அவள் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து நிற்க இரண்டு கால் இருந்தும், மணி அடித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த கூட்டத்தொடரில்தான் அது ஆரம்பித்தது. சபையில் ஒவ்வொரு இருக்கையிலும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி உண்டு. பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருப்பினால் பேச்சு வேண்டிய மொழியில் கேட்கும். கடைசி எண்ணில் மட்டும் எந்த மொழியும் கிடையாது, வெறும் இரைச்சல். பழம் தின்று கொட்டை போட்ட உறுப்பினர்கள் அதில் வைத்துக்கொண்டுதான் மத்தியானம் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்கள். நிதி அமைச்சரின் புள்ளிவிவரம் தாங்காமல் பல் டாக்டரும் ஒருநாள் அந்த எண்ணுக்குத் திருப்பினாள்.

"கேக்கலையே."

காதோடு காதாக, பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி. சட்டென்று மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"கேக்கலையே டாக்டரம்மா."

மின்பணியாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் வந்து ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தன் காதில் மாட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு மேடம், வெறும் இரைச்சல்தான்," என்று வேறு கருவி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலும் அதே குரல். குமிழை வேறு எண்ணுக்குத் திருப்பினால் நின்றுவிடும். ஆனால் திருப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது, கதவைத் தட்டுகிறவர்களைத் தெரிந்தே வெளியே நிறுத்திவைப்பது போல இருந்தது. தினமும் கொஞ்ச நேரமாவது அதைக் கேட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார் ஒருநாள்.

"சாப்பிட்டதா வெச்சுக்கோங்க," என்று சொன்னவள் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற மனுஷர் அன்றைக்குப் பண்ணவில்லை.

"பயமா இருக்கா?"

"பயம் இல்லைங்க. வெக்கமா இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் மசோதா வந்தது. நாடு முழுக்க இடிந்து மூடிக் கிடக்கும் சுரங்கங்களையெல்லாம் 'முடிந்த இடங்கள்' என்று அறிவித்து நிலத்தை விற்றுவிடலாம், பிறகு யாரும் தோண்டித் தேடச் சொல்லி வழக்குப் போட முடியாது. அடியில் ஆள் கிடக்கும் சுரங்கம் அவள் தொகுதியில் மட்டுமா இருந்தது? கட்சிக் கொறடா ஒரு தாளோடு வந்தார். உறுப்பினர்களை வரிசை பிசகாமல் ஓட்டளிக்க வைப்பதுதான் கொறடாவின் பிழைப்பு. தேன் ஒழுகப் பேசுவார்.

"நாலு நிமிஷம்மா. இதை அப்படியே படிச்சுடுங்க. ஊர்க்கதை வேணாம். இது தேசியப் பிரச்சினை."

"அந்த ஒன்பது பேர் தேசத்துல இல்லையா?"

"இருக்காங்க. அடியில இருக்காங்க." சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது, இருமினார். "அடுத்த தேர்தல்ல சீட்டு வேணுமா வேணாமா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

வேண்டும்தான். இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது? பதவி அவளுக்குப் பிடித்திருந்தது. கார் பிடித்திருந்தது, தான் உள்ளே நுழைந்ததும் நாலு பேர் எழுந்திருப்பது பிடித்திருந்தது. மறுபடி போய்ச் சொத்தைப் பல்லைக் குடைந்துகொண்டு உட்கார வேண்டுமே என்றும் இருந்தது.

விவாதத்தன்று மாடம் நிரம்பி வழிந்தது. வேறு வேறு சுரங்க ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பல் டாக்டர் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, கருவியை ஒரு காதில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கொறடாவின் தாளை இருக்கையிலேயே விட்டுவிட்டாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

"நான் பல் டாக்டர். என்கிட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தார். கீழ்த்தாடையில இடது பக்கம் கடைவாய்ப் பல் சொத்தை. வேர்ச் சிகிச்சை பண்ணி, தற்காலிகமா அடைச்சுவிட்டேன். அடுத்த வாரம் வந்து மேலே உறை போட்டுக்கங்கன்னேன். அவர் வரலை. வெளியே எடுத்தாலும் யார் எவர்னு அடையாளம் தெரியாதுன்னு இந்த மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் சொல்றார். என்கிட்ட கொண்டு வாங்க. வாயைப் பார்த்து நான் சொல்றேன்."

சபையில் சளசளப்பு அடங்கியது. அந்தத் தொழிலாளியின் பெயரை, தையல்காரியுடைய புருஷனின் பெயரை, அவன் அப்பா பெயரோடு சேர்த்து, சத்தமாகச் சொன்னாள். காதுக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. மணி அடித்தது. இரண்டாவது பெயரைச் சொன்னாள். மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமலே மீதிப் பெயர்களைத் தொண்டை கிழியக் கத்தினாள், ஒன்பதாவது முடியும்வரை நிறுத்தவில்லை.

"உறுப்பினர் பேசிய எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது," என்றார் தலைவர், அன்றைக்கு மட்டும் சிரிக்காமல்.

அன்றைக்குச் சொல்லாதது அச்சில் இருக்கிறது, இன்றைக்குச் சொன்னது சொல்லவே இல்லை. பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "முடிஞ்சுது உங்க கதை," என்று கொறடா பல்லைக் கடித்தார். ஆம் என்று பெருங்கூட்டம் குரல் கொடுக்க, மசோதா நிறைவேறியது.

அவள் உட்கார்ந்தாள். காதில் சத்தமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. தையல்காரிக்குக் கேட்டுவிட்டது, போய்விட்டாள் என்று நினைத்தபோது மனசு லேசாகி, அடுத்த நிமிஷமே தனியாகவும் ஆகிவிட்டது.

அப்போது கருவிக்குள் யாரோ ஒரு ஆண் தொண்டையைச் செருமினான். தூசி அடைத்த தொண்டை. ஒரு பெயரைச் சொன்னான், கூடவே அப்பா பெயர். அவள் தொகுதி ஆளின் பெயரில்லை, அவள் கேட்டே இராத பெயர். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது மூச்சிலேயே தெரிந்தது.

பல் டாக்டர் எழுந்து நின்றாள்.

"உட்காருங்க," என்றார் தலைவர்.

அவள் உட்காரவில்லை. காதில் விழுந்த பெயரை விழுந்தபடியே உரக்கச் சொன்னாள்.

மாடத்தில் எழுந்து நிற்கவோ வாயைத் திறக்கவோ கூடாது என்பது விதி. காவலர்கள் ஓடி வருவதற்குள், கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அது என் பையன்," என்றார். "அம்மா, அது என் பையன் பேரு."