ஃபஹ்மிதாவின் மடைமூடி

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையைத் திருத்தப்போன இடத்தில் கிடைத்தது. 'தூண்டலுக்கேற்பத் தன் பண்பை மாற்றிக்கொள்ளும் நுண்கலப்புப் பொருள்' என்று அதில் இருந்தது. விவசாயிகள் படிக்க வேண்டுமாம். அந்த வாக்கியத்தை என்னால் திருத்த முடியவில்லை. அதனால் அதை எழுதியிருக்கக்கூடிய ஓர் ஆளை உண்டாக்கினேன்.

காவிரித் தண்ணீர் வந்துசேர்ந்த அன்று காலை, பேராசிரியை ஃபஹ்மிதா தன் பதினொரு வருட ஆராய்ச்சியின்

(வேண்டாம். காவிரியில் தொடங்கினால் ஆள் உள்ளே வர நேரமாகிறது.)

2

ஃபஹ்மிதா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிய களிமண்ணைக் கலந்து ஒரு ஜெல் செய்திருந்தாள். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதை ஒரு மண்தொட்டியில்* அடைத்து நாற்றங்காலில் புதைத்தால், மண் நனைந்ததும் உப்பி, ஒரு குச்சியைத் தள்ளி, வாய்க்கால் குழாயை மூடிவிடும். காய்ந்தால் திறக்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது.

(*கல்லூரி வாசலில் இருந்த செடித்தொட்டி. செடி என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.)

அதைச் சோதிக்கக் கிடைத்த நாற்றங்கால் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி மலர்க்கொடியுடையது. விதை விட்டு ஆறு நாள். தண்ணீர் நின்றால் முளை அழுகும், காய்ந்தால் கருகும். அதனாலேயே நாற்றுவிட்ட நாட்களில் அவள் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. இந்தத் தடவை மன்னார்குடியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

"ரெண்டு நாள்தானே, போய்ட்டு வாங்க. நான் வந்து பாத்துக்கிறேன்," என்றாள் ஃபஹ்மிதா.

"உங்க தொட்டிய நம்பித்தான் போறேன் மேடம்."

(அவ்வளவு சுலபமாக நம்புவாளா? நம்பவில்லை. ஆனால் போக ஆசையாக இருந்தது.)

3

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்றங்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஃபஹ்மிதா குழாயைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. போன் போட்டாள்.

"மலர்க்கொடி, குழாய் மூடிதான் இருக்கு. ஆனா தண்ணி ஏறுது. முளையெல்லாம் முங்குது."

அந்தப் பக்கம் நாயனச் சத்தம். "குழாய்க்குப் பக்கத்துல வரப்ப மிதிச்சுப் பாருங்க. பொதபொதன்னு இருக்கா?"

மிதித்தாள். கணுக்கால்வரை உள்ளே போனது.

"நண்டு வளை. வைக்கோல சேத்துல பெரட்டி அடைங்க. அப்புறம் எதிர் வரப்ப வெட்டி விடுங்க, வடிஞ்சிரும்." நாயனச் சத்தம் தள்ளிப் போனது. "நான் கெளம்பி வரவா?"

ஃபஹ்மிதா முளைகளைப் பார்த்தாள். ஜெல் தோற்கவில்லை, வரப்புதான் ஓட்டை. ஆனால் அழுகும் முளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"வேணாம். இருங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு முறை அடைப்பு பிய்த்துக்கொண்டது, மூன்றாவது நின்றது. எதிர் வரப்பை வெட்டிவிட்டதும் தண்ணீர் வடிந்து, பச்சை முனைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மதியம் வெட்டிய இடத்தை மூடினாள். அடுத்த நாள் வெயிலில் மண் இறுகியபோது, யாரும் தொடாமல் குழாய் திறந்தது. ஃபஹ்மிதா வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள்.

4

முடிவு ஒன்று: ஜெல் கிழிகிறது, நாற்று போகிறது. எழுதினேன். சோகத்துக்காகச் சோகம், அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மேடை, சால்வை, கைதட்ட

மூன்றாவதாக, மலர்க்கொடியை ஊர் திரும்பும் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தேன். ஏறமாட்டேன் என்கிறாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த லட்டை உதிர்த்துத் தின்றுகொண்டு, ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். இத்தனை வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது.

அவள் எப்போது திரும்ப வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிடப்போவதில்லை.